மூத்தவர் கெஹிண்டேதான், ஐயா!

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் துணுக்குப் பகுதியில் இப்படி ஒரு வரி: "நைஜீரியாவின் யொரூபா பழங்குடியினர் இரட்டையரில் மூத்தவனுக்கு டைவோ, இளையவனுக்குக் கெஹிண்டே என்று விநோதமாகப் பெயர் வைக்கிறார்கள்." ஒரே வரிக்குள் இத்தனை தப்பை அடக்குவது லேசுப்பட்ட காரியமல்ல. எழுதிய உதவி ஆசிரியருக்கு என் பாராட்டைத் தெரிவியுங்கள்.

நான் 1979 முதல் 1984 வரை நைஜீரியாவின் இபாடான் நகரில் கணக்கு வாத்தியாராக இருந்தவன். எண்ணெய்ப் பணம் புரண்ட அந்த நாளில் நம்மூர் வாத்தியார்கள் வரிசையாக விமானம் ஏறியது தாங்கள் அறியாததல்ல. போன முதல் வாரமே வருகைப் பதிவேட்டில் டைவோ, கெஹிண்டே என்று இருவர். முதலில் பிறந்தது யார் என்றேன். டைவோ கை தூக்கினான். "அப்போ நீதான் அண்ணன், தம்பியை ஒழுங்காகப் படிக்க வை" என்றேன். வகுப்பே சிரித்தது. கெஹிண்டே எழுந்து நின்று, "சார், நான்தான் மூத்தவன். உலகம் எப்படி இருக்கு, பார்த்துட்டு வான்னு அவனை அனுப்பினதே நான்தான்" என்றான். எனக்குச் சுண்ணாம்புக்கட்டி கையிலேயே நின்றுவிட்டது.

பெயரே அதைத்தானே சொல்கிறது! டைவோ என்றால் உலகைச் சுவைத்துப் பார்ப்பவர். கெஹிண்டே, பின்னால் வந்தவர். முதல் குழந்தை வெளியே வந்து அழுகுரல் கொடுத்த பிறகுதான் மற்றது புறப்படுமாம். வீட்டில் 'கடைக்குப் போய்ட்டு வா' என்று ஏவுவது மூத்தவரா, இளையவரா? அவ்வளவுதான் கணக்கு. இரட்டையருக்கு அடுத்த பிள்ளை இடோவு, அதற்கும் அடுத்தது அலாபா. இவையெல்லாம் பிள்ளை மேலுலகிலிருந்து கையோடு கொண்டுவரும் பெயர்கள் என்பார்கள். டைவோவும் கெஹிண்டேயும் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. உங்கள் 'வன்' விகுதிக்கு அங்கே வேலையே இல்லை.

'பழங்குடி'யாம். கோடிக்கணக்கானோர் பேசும் மொழி ஐயா அது. இபாடானில் 1948லேயே பல்கலைக்கழகக் கல்லூரி வந்துவிட்டது.

என்னை அதிகம் சுட்டது 'விநோதம்'. என் பெயரிலேயே குப்பை உண்டு. எனக்கு முன் பிறந்த இரண்டும் தங்காததால் என்னைக் குப்பையில் போட்டு எடுத்து, தவிட்டுக்கு வாங்கியதாகப் பேர் பண்ணி வளர்த்தார்கள். இங்கே பள்ளியில் அதைச் சொல்லிச் சிரிக்காதவன் இல்லை. இபாடானில் வீட்டுக்கார அம்மாளிடம் ஒருநாள் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. வாசலில் விளையாடிக்கொண்டிருந்த பேரனைக் காட்டி, "இவன் கொக்குமோ" என்றார். இனிச் சாகமாட்டான் என்று பொருள். அவனுக்கு முன்னால் மூன்று போயிருக்கிறது. மலோமோ என்றும் வைப்பார்களாம்: மறுபடி போகாதே. இதில் விநோதம் எங்கே வந்தது?

அதே வீட்டில் ஒரு பிள்ளைக்கு எட்டாம் நாள் பெயர் வைத்தார்கள். உதட்டில் தேன், பிறகு ஒரு துளி உப்பு. உறவினர் ஒவ்வொருவராகக் கிண்ணத்தில் காசு போட்டுத் தாம் விரும்பிய பெயரைச் சொன்னார்கள். என்னையும் விடவில்லை. ஒரு நைரா நோட்டைப் போட்டுவிட்டு வாயடைத்து நின்றேன்.

இது முதல் தடவையும் அல்ல. 1986இல் யொரூபா எழுத்தாளர் வோலே சோயிங்காவுக்கு நோபல் பரிசு கிடைத்தபோது, வோலே என்பது ஒலுவோலேயின் சுருக்கம், கடவுள் வீட்டுக்குள் வந்தார் என்று பொருள். அவர் பெயரிலேயே இருக்கும் பாபாதுண்டே, 'அப்பா திரும்ப வந்துவிட்டார்' என்று, தாத்தா போனபின் பிறக்கும் பேரனுக்கு வைப்பது என்று நான்கு பக்கம் எழுதி அனுப்பினேன். தாத்தா பெயரைச் சுமப்பதால் பேரன் என்கிற நமக்கு இது புரியாதா என்ன? பிரசுரமாகவில்லை. பிறகொரு கடிதத்தை மூன்று வரியாக வெட்டி, ஊர்ப் பெயரையும் தப்பாகப் போட்டீர்கள். குறுக்கெழுத்துப் பிழைகளைப் பற்றி நான் பேசப்போவதில்லை. சந்தா மட்டும் தவறாமல் கட்டுகிறேன்.

அடுத்த இதழில் ஏதாவது ஒரு மூலையில், 'டைவோ இளையவர், கெஹிண்டே மூத்தவர்' என்று ஒரு வரி திருத்தம் போட்டால் போதும். பெயர்களை இடம் மாற்றி அச்சடித்துவிடாமல் மெய்ப்புப் பார்ப்பவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர்,
கும்பகோணம்.