இடது ஓரமாகத்தான் போகிறோம், ஐயா

மதிப்பிற்குரிய ஐயா,

செங்கோட்டையிலிருந்து புளியரை வழியாகக் கேரள எல்லையில் உள்ள கோட்டைவாசலுக்கு ஏறும் சாலையைப் பராமரிக்கும் பொறுப்பு உங்களுடையது. சாலையின் ஓரத்தைச் சரிசெய்யக் கேட்டு நாங்கள் கொடுத்த மனுவுக்கு உங்கள் அலுவலகத்திலிருந்து பதில் வந்து சேர்ந்தது, நன்றி. சாலை நல்ல நிலையில் உள்ளது என்றும், மிதிவண்டியில் செல்வோர் இடது ஓரமாகப் பாதுகாப்புடன் செல்லுமாறு அறிவுறுத்தப்படுகிறார்கள் என்றும் அதில் எழுதியிருக்கிறது.

பதிலை அண்ணாச்சியிடம் காட்டினோம். ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளில் கிளம்பும் எங்கள் கூட்டத்தில் மூத்தவர் அவர். ஆடி மாதம் எஸ் வளைவுக்குக் கீழே விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டவர். படித்து முடித்துவிட்டு, "நான் இடது ஓரமாத்தானே போனேன், வேற எங்க போனேனாம்?" என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. அதனால் உங்களிடமே கேட்கிறோம்.

லாரிகளின் கதை உங்களுக்குப் புதிதல்ல. எம்-சாண்ட் என்கிற பாறைமணலும் ஜல்லியும் பாறையும் ஏற்றிக்கொண்டு இரவு பகலாக இந்த வழியில்தான் கேரளத்துக்குப் போகின்றன. அதை நிறுத்துங்கள் என்று இந்த மடலில் கேட்கவில்லை, கேட்டவர்கள் பலர். நாங்கள் கேட்பது தாருக்கு இடது பக்கம் இருக்கும் மண்ணைப் பற்றி மட்டும்தான்.

தாரின் மேல் தார் போட்டுச் சாலை உயர்ந்துகொண்டே வந்துவிட்டது. பக்கத்து மண் இருந்த இடத்திலேயே இருக்கிறது, சில இடங்களில் மழையில் கரைந்து இன்னும் கீழே போயிருக்கிறது. இப்போது தார் விளிம்புக்கும் மண்ணுக்கும் நாலைந்து விரல்கடை வித்தியாசம். காரில் போகிறவருக்கு இது கண்ணிலேயே படாது. சைக்கிளில் போகிறவனுக்கு, பின்னால் டிப்பர் ஹாரன் அடிக்கும்போது இறங்குவதற்கு இருக்கும் ஒரே இடம் அதுதான். இறங்குவதுகூடப் பரவாயில்லை. மறுபடி ஏறும்போதுதான் ஆபத்து. முன் சக்கரம் விளிம்பை ஒட்டியே உரசிக்கொண்டு ஓடும், ஏறாது. ஹேண்டிலை லேசாகத் திருப்பினால் சக்கரம் அங்கேயே நிற்க, ஆள் சாலைக்குள் விழுவான். அடுத்த லாரி வரும் பக்கமாக. அண்ணாச்சி விழுந்தது அப்படித்தான். பின்னால் வந்த லாரிக்காரர் பிரேக் அடித்ததால் மணிக்கட்டோடு போயிற்று.

சரி, தாரிலேயே ஓரமாகப் போகலாமே என்பீர்கள். அங்கே மணல் கிடக்கிறது. பாரத்தோடு வளைவில் திரும்பும் லாரி சாயும்போது மேலே குவித்திருப்பது சரிகிறது. ஆகவே எங்கே சைக்கிள் வழுக்கக்கூடாதோ, அங்கேதான் மணல் அதிகம். பங்குனி சித்திரையில் அது உருளும். ஆனி ஆடியில் வேறு விதம். அடைமழை என்றால் சாலையைக் கழுவிக்கொண்டு போய்விடும். எங்கள் ஊர்ச் சாரல் அப்படிக் கழுவாது. பொடியை நனைத்துச் சேறாக்கி, அதே இடத்தில் பூசி வைக்கும். அதற்கு மேல் காற்று. ஆரியங்காவுக் கணவாய் வழியாக வருவது முகத்தில் அறையும். லாரி ஒன்று தாண்டிப் போகும் நொடியில் காற்று சட்டென்று நின்றுபோகும், காற்றை எதிர்த்துக் குனிந்திருந்த உடம்பு தடுமாறும், லாரி விலகியதும் மறுபடி அறையும். காற்றுக்கு உங்களிடம் மனுக் கொடுக்க மாட்டோம். அந்த நேரத்தில் காலூன்ற ஓரம் வேண்டும், அவ்வளவுதான்.

இந்த வயதில் எதற்கு இதெல்லாம், வீட்டு மாடியில் நடக்கலாமே என்று அண்ணாச்சியிடம் ஆஸ்பத்திரியிலேயே ஒருவர் சொன்னாராம். சாரல் காலத்தில் புளியரை வயல் ஓரமாக ஒருமுறை வந்தவர் அப்படிச் சொல்ல மாட்டார். கார் நெல் நடவு முடிந்த பச்சை, மேகம் பாதி மறைத்த மலை, கட்டளைக்குடியிருப்பில் வெயிலும் புளியரையில் தூறலுமாக ஒரே காலையில் இரண்டு பருவம். ஐப்பசிக்குப் பிறகு அடுத்த போகமான பிசான நெல்லுக்கு உழுத வயலில் கொக்குகள். மார்கழியில் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து ஓட்ட வேண்டும். வெளியூர்க்காரர்கள் பணம் செலவழித்து வந்து பார்க்கும் ஊர் இது. நாங்கள் இங்கேயே பிறந்தவர்கள், சைக்கிளில் பார்க்கிறோம், பெட்ரோல்கூடக் கேட்கவில்லை.

அப்புறம், இது பொழுதுபோக்குக்காரர்களின் பிரச்சினை மட்டும் என்று ஒதுக்கிவிட முடியாது. பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசே விலையில்லா மிதிவண்டி கொடுக்கிறது. அந்த வண்டியில் பையை மாட்டிக்கொண்டு பிள்ளைகள் போவதும் இதே ஓரத்தில்தான். வண்டியைக் கொடுத்த அரசு ஓட்ட ஓரம் கொடுக்காதா? ஜூன் 3 உலக மிதிவண்டி நாள். அன்று பெருக்கிவிட்ட சாலையில் கொடியசைத்துப் பேரணி நடத்துவது எந்த ஊரிலும் நடக்கும். பாவம், சாரல் பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் பிடிக்கிறது. 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தில் அதிக பாரத்துக்கு 20,000 ரூபாய் அபராதம், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000. சாலையில் கிடக்கும் மணலைப் பார்த்தால் சட்டத்தையும் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டார்களோ என்று தோன்றுகிறது. லாரிகளின் மேல்தான் தார்ப்பாயைக் காணோம். கேட்டால் பாரம் ஒரு துறை, மணல் ஒரு துறை, சாலை ஒரு துறை என்கிறார்கள். கீழே விழுகிறவன் மட்டும் எந்தத் துறையும் இல்லை.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும். மண் ஓரம் உங்கள் துறைதான். அதைத் தார் மட்டத்துக்கு உயர்த்திக் கொடுங்கள். வெறும் மண்ணைக் கொட்டினால் ஐப்பசி மழையில் போய்விடும் என்பது எங்களைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். கிராவல் போட்டு உருளை விட்டால் நிற்கும். வளைவுகளில் கிடக்கும் மணலை வாரத்துக்கு ஒருமுறை அள்ளச் சொல்லுங்கள்.

எங்களோடு சைக்கிளில் வாருங்கள் என்றெல்லாம் அழைக்கப் போவதில்லை. ஜீப்பிலேயே வாருங்கள். எஸ் வளைவுக்குக் கீழே நிறுத்தி இறங்கி, உங்கள் கடிதம் சொல்லும் இடது ஓரத்தில், பாரம் ஏற்றிய லாரி ஒன்று கடக்கும்வரை நின்று பாருங்கள். அதன் பிறகும் சாலை நல்ல நிலையில் உள்ளது என்று எழுதினால் ஒப்புக்கொள்கிறோம்.

கார்த்திகை பிறந்தால் சபரிமலை வண்டிகள் இந்த வழியில் வரிசை கட்டும். அதற்கு முன்னால் எப்படியும் குழி அடைக்க ஆட்களை அனுப்புவீர்கள். அவர்கள் வரும்போதே ஓரத்தையும் சேர்த்து உயர்த்தி முடித்துத் தருமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
செங்கோட்டைப் பக்கத்துச் சைக்கிள்காரர்கள் சார்பில் ஒருவன்