செந்தட்டிக்கு வைத்த பெயர்

அன்புள்ள மகளுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை.

ரோமர்கள் வருவதற்கு முன்னால் ருமேனியாவில் உங்கள் கிளூஜ் பக்கத்துச் சனங்கள் என்ன மொழி பேசினார்கள் என்று கேட்டாயே, நம் நாட்டு மருந்துக் கடையில் ஆளில்லாத மத்தியானமெல்லாம் அதைத்தான் தேடிப் படிக்கிறேன்.

அவர்கள் டேசியர்கள், பேசியது டேசிய மொழி. கி.பி. 106-இல் ரோமப் பேரரசன் டிராஜன் அவர்களை முறியடித்தான். டேசியர்களின் அரசன் டெசெபாலஸ் பிடிபடாமல் கழுத்தை அறுத்துக்கொண்டான். ரோமில் உள்ள டிராஜன் தூணில் அதையும் செதுக்கி வைத்திருக்கிறார்கள். சண்டைக் கதையில் எனக்கு ருசியில்லை.

என்னைப் பிடித்துக்கொண்டது மூலிகைப் பெயர்கள்தான். அந்த மொழியில் ஒரு பாட்டோ கதையோ மிஞ்சவில்லை. டயஸ்கோரிடிஸ் என்ற கிரேக்க வைத்தியரின் மருந்து நூலில், பிற்காலத்தில் யாரோ செடிக்குச் செடி ‘ரோமர் இப்படிச் சொல்வர், டேசியர் இப்படிச் சொல்வர்’ என்று சேர்த்திருக்கிறார்கள். அதில் மிஞ்சியவை நாற்பது ஐம்பது பெயர்கள். சேர்த்தவர் நம் தொழில்காரராகத்தான் இருக்கவேண்டும். வசம்பை ஒருத்தர் ‘பிள்ளை வளர்ப்பான்’ என்பார், விளக்கு வைத்தபின் வரும் கிழவி ‘பேர் சொல்லாதது’ என்பாள். பெயரைத் தவறவிட்டால் சரக்கு மாறிவிடும்.

செந்தட்டி மாதிரி சுணையுள்ள செடி ஒன்று அங்கே உண்டு. அதை டேசியர் ‘துன்’ என்றார்களாம். அந்த இரண்டெழுத்தை வாசித்ததும், நீ ஆறு வயதில் வேலியோரம் செந்தட்டியில் கைவைத்துவிட்டு ஊரைக் கூட்டியது ஞாபகம் வந்தது. அவர்கள் பிள்ளைகளும் அதைத் தொட்டு அழுதிருக்கும், ‘துன்’ என்று சொல்லித்தானே தாய்மார் எச்சரித்திருப்பார்கள்! இன்றைக்கு அங்கே அதற்கு ‘உர்சிகா’ என்று பேர். அது லத்தீனிலிருந்து வந்தது.

டேசியர்களின் தலைநகரான சர்மிசெகெதூசாவில் ஒரு பானை கிடைத்தது. அதில் லத்தீன் எழுத்தில் ‘டெசெபாலஸ் பெர் ஸ்கோரிலோ’ என்று முத்திரை. ‘பெர்’ டேசியச் சொல், ‘மகன்’ என்று பொருள் என்கிறார்கள் சிலர். இல்லை, அது வெறும் லத்தீன், ‘மூலமாக’ என்றுதான் அர்த்தம் என்கிறார்கள் வேறு சிலர். நான் மகன் கட்சி. காரணமெல்லாம் கேட்காதே.

நீ சந்தையில் வாங்கும் பட்டாணிக்கு ‘மஸரெ’ என்றாயே, அது லத்தீன் இல்லையாம். அல்பேனிய மொழியில் அதற்கு உறவுச்சொல் இருப்பதால், டேசியர் காலத்து மிச்சமாக இருக்கலாம் என்கிறார்கள்.

வசந்தத்தில் உர்சிகாக் கொழுந்து விற்பார்கள் என்றாயே, கட்டு ஒன்று வாங்கி இலையின் அடிப்பக்கம் தெரிய படம் எடுத்து அனுப்பு. கையுறை போட்டுக்கொள்.

அன்புடன்,
அப்பா