சிறுநீரக மாற்று அறுவையும், தானம் தந்தவரின் திசுவும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உறுப்பு தானம் பற்றி நாளிதழ்களில் வரும் செய்திகள், குடும்பத்தாரின் பெருந்தன்மையையும் ஆம்புலன்ஸின் வேகத்தையும் சொல்வதோடு நின்றுவிடுகின்றன. கொழிஞ்சாம்பாறையிலிருந்து கோவைக்குச் சென்று டயாலிசிஸ் பிரிவில் செவிலியராகப் பணிபுரிபவள் என்ற முறையில், அவற்றில் விடுபடும் ஒன்றை எழுதுகிறேன்.

சிறுநீரக மாற்று முடிந்து சில நாள்களாகியும் சிறுநீர் சேகரிக்கும் பையின் அடியில் கொஞ்சமே தேங்கியிருக்க, மறுபடியும் எங்கள் கட்டிலுக்கு வந்த ஒருவரின் மனைவி, "குரூப் சேர்ந்துருச்சுன்னு தானுங்க சிஸ்டர் சொன்னாங்க, அப்புறம் எதுக்குங்க டயாலிசிஸ்?" என்று கேட்டார். அதற்கான விடையில் பெரும்பகுதி, தானம் தந்தவரின் உடலில் இருக்கிறது.

தானம் தருபவருக்கு மூளைச்சாவு நேர்ந்ததும் அவரது ரத்த அழுத்தம் நிலைகுலைகிறது. சிறுநீரகத் திசுவில் இன்டர்லூக்கின்-6, டிஎன்எஃப் ஆல்ஃபா போன்ற அழற்சிப் பொருள்களை (காயம்பட்ட திசுவில் வீக்கத்தைத் தூண்டுபவை) உண்டாக்கும் மரபணுக்கள், உறுப்பை வெளியே எடுக்கும் முன்பே முடுக்கிவிடப்படுகின்றன. பனிக்கட்டிப் பெட்டியில் ரத்தமின்றிக் கழியும் நேரமும், பின்னர் ரத்தம் மீண்டும் பாயும்போது ஏற்படும் காயமும் அதனுடன் சேர்ந்துகொள்ள, பெறுபவரின் எதிர்ப்பணுக்கள் அவ்வுறுப்பைத் தாக்குவது எளிதாகிறது. கணவனோ மனைவியோ உயிருடன் தரும் சிறுநீரகம், திசுப் பொருத்தம் குறைவாக இருந்தும், இறந்தவர் தரும் சிறுநீரகத்தைவிட நன்றாக உழைப்பதை 1995இலேயே அமெரிக்க ஆய்வாளர் தெராசாக்கியின் குழுவினர் எடுத்துக்காட்டினர். அழற்சியைத் தூண்டும் டிஎல்ஆர்4 மரபணு, தானம் தந்தவரிடம் வலுவிழந்த வடிவில் இருந்தால் சிறுநீரகம் உடனே வேலை தொடங்கும் வாய்ப்பு கூடுகிறது என்று 2009இல் ஓர் ஆய்வு கண்டது.

மரபணுவை நம்மால் தேர்ந்தெடுக்க முடியாது; பராமரிப்பை மேம்படுத்த முடியும். அமெரிக்காவில் 2015இல் வெளியான ஆய்வில், மூளைச்சாவு அடைந்தவரின் உடல் வெப்பத்தை 34 முதல் 35 டிகிரி செல்சியஸுக்குள் வைத்திருந்தபோது, மாற்றுக்குப் பின் டயாலிசிஸ் தேவைப்பட்டோர் 28 சதவீதமே. வழக்கமான வெப்பநிலையில் அது 39 சதவீதம். எடுத்த சிறுநீரகத்துக்குள் இயந்திரம் மூலம் குளிர்ந்த திரவத்தைச் செலுத்தி வைப்பது இதனினும் மேலானது என்று 2023இல் தெரியவந்தது.

எங்கள் எல்லைப் பகுதியில் சிலர் கோவையிலும் சிலர் கொச்சியிலும் பெயர் பதிந்து காத்திருக்கிறார்கள். எந்தப் பக்கம் பதிந்தவராயினும், அவருக்கு வரும் சிறுநீரகம் குளிரில் எத்தனை மணிநேரம் இருந்தது, தந்தவரின் ரத்த அழுத்தமும் வெப்பமும் எப்படிப் பேணப்பட்டன என்ற விவரங்களை அவரது கோப்பில் சேர்க்கவும், குடும்பத்தாருக்கு அறுவைக்கு முன்பே எடுத்துச் சொல்லவும் உறுப்பு தானத்தை ஒருங்கிணைக்கும் அரசு அமைப்புகளான தமிழகத்தின் டிரான்ஸ்டானும் கேரளத்தின் கே-சோட்டோவும் மருத்துவமனைகளை வலியுறுத்த வேண்டும் என்று தங்கள் இதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
டயாலிசிஸ் செவிலியர் ஒருவர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.