பிஸ்கட் மாவை முதல் நாளே பிசைந்து வை

செங்கோட்டை

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது.

வேலை விட்டு வந்து ராத்திரி எட்டு மணிக்கு மாவு பிசைய உட்காராதே. ஞாயிற்றுக்கிழமை ஒரு தடவை பிசைந்து உருட்டி வைத்துவிட்டால், வேண்டும்போது பத்து வில்லை நறுக்கிச் சுட்டுக்கொள்ளலாம்.

மைதா 150 கிராம், உப்பில்லா வெண்ணெய் 100, பொடித்த சீனி 60, ஏலக்காய் ஆறு, உப்பு ஒரு சிட்டிகை, முந்திரி 30 கிராம். முந்திரிக்குப் பேர்போன கொல்லத்தில் இருந்துகொண்டு முழு முந்திரிக்குக் காசைக் கொட்டாதே, துண்டுப் பருப்பு போதும். அதையும் பொடியாக நறுக்கு. பெரிய துண்டு கத்தியில் மாட்டி வில்லையை உடைத்துவிடும். ஏலக்காயின் உள்விதையை ஒரு கரண்டிச் சீனியோடு சேர்த்து அரைத்தால்தான் நைசாகும். முட்டையும் சோடாவும் வேண்டாம். நாள்பட வைக்கிற மாவுக்கு அதுதான் நல்லது.

வெண்ணெயில்தான் எல்லாம் இருக்கிறது. "அறை வெப்பத்தில் வெண்ணெய்" என்று புத்தகத்தில் போட்டிருப்பது 20 டிகிரி ஊர்க்காரர்களுக்கு. நம் பக்கம் 30 டிகிரியில் அரை மணி வெளியே வைத்தால் ரொம்ப இளகிவிடும். பத்து நிமிஷம் வைத்தாலே போதும், விரல் அழுந்தினால் சரி. சீனியோடு சேர்த்து வெளுக்கும்வரை மட்டும் குழை. நுரைக்க அடித்தால் உள்ளே காற்று ஏறி, சுடும்போது பரந்துவிடும். பிறகு மைதாவைப் போட்டு, சேர்ந்து வருமட்டும் கூட்டு. சப்பாத்திக்குப் பிசைவது போலப் பிசைந்தால் பிஸ்கட் கடிபடாது. உதிர்ந்தால் ஒரு ஸ்பூன் பால் விடு.

இரண்டாகப் பிரித்து, நாலு சென்டிமீட்டர் தடிமனுக்கு உருட்டி, பட்டர் பேப்பரில் இறுக்கிச் சுற்றி, மேலே ஒரு பிளாஸ்டிக் கவர், அதற்கு மேல் மூடி போட்ட டப்பா. இத்தனை சுற்று எதற்கென்றால், வெண்ணெய் பக்கத்தில் இருக்கிற வாடையை எல்லாம் இழுத்துக்கொள்ளும். மீன் வைக்கிற தட்டில் வைத்துத் தொலைக்காதே! ஃபிரிட்ஜ் கதவிலும் வேண்டாம், திறக்கத் திறக்க இளகும். கீழ்த் தட்டில் நாலு நாள், ஃப்ரீசரில் இரண்டு மாதம். தேதி எழுதி ஒட்டு.

குறைந்தது இரண்டு மணி நேரம் குளிர வேண்டும். அதற்குள் வெண்ணெய் இறுகும், மைதா ஈரத்தைக் குடிக்கும். வில்லை பரவாமல் நிற்பது அதனால்தான். ஃப்ரீசரில் இருந்து எடுத்தால் சுற்றியபடியே பத்து நிமிஷம் விடு. பிரித்து வைத்தால் மாவின்மேல் தண்ணீர் முத்துக் கட்டும், உடனே நறுக்கினால் நொறுங்கும். எட்டு மில்லிமீட்டர் கனத்துக்கு வெட்டு. ஒவ்வொரு வெட்டுக்கும் உருளையைக் கால் திருப்பு திருப்பிக்கொண்டே வா, இல்லையென்றால் அடிப்பக்கம் தட்டையாகும்.

ஓவனை 170 டிகிரிக்கு முன்கூட்டியே காயவிடு. சூடு ஏறாத ஓவனில் வைத்தால் ஓரம் வேகுமுன் வெண்ணெய் உருகி எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பதினைந்து நிமிஷம், உறைந்த வில்லைக்கு இரண்டு நிமிஷம் கூட. ஓரம் பொன்னிறமானதும் எடுத்துவிடு. நடு மெத்தென்றுதான் இருக்கும், ஆறினால் மொறுமொறுக்கும்.

கரண்ட் போய் மாவு இளகினாலும் குளிர்ச்சி போகாமல் இருந்தால் மறுபடி இறுகவைத்து அன்றைக்கே சுட்டுவிடு. எண்ணெய் கசிந்திருந்தால் அது தேறாது. பச்சை மாவை ருசி பார்க்காதே, முட்டை இல்லாவிட்டாலும் வேகாத மைதா வயிற்றுக்கு ஆகாது.

சாரல் காலத்தில் சுட்டது நமுத்துவிட்டால் 150 டிகிரியில் ஐந்து நிமிஷம் காட்டு. நன்றாக ஆறின பிறகே டின்னில் போடு.

அம்மா