பத்துத்தூணுக்கு ஒரு போர்டு வைங்கய்யா

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன வாரம் கோயமுத்தூர்ல இருந்து எங்க அக்கா மகன் மதுரைக்கு வந்திருந்தான், பத்துத்தூண் சந்துல துணி எடுக்கக் கூட்டிட்டுப் போனேன், அங்க நின்னுக்கிட்டே "மாமா, எல்லாரும் பத்துத்தூண் பத்துத்தூண்ங்கிறாங்களே, அந்தத் தூணு எங்க"ன்னு கேக்குறான். அவன் சாஞ்சு நிக்கிறதே அதுல ஒண்ணு மேலதான். சுத்தி ஒயரு, பேனரு, தொங்கவிட்ட நைட்டி, இதுல அவன் மேல தப்புச் சொல்ல என்ன இருக்கு.

அது திருமலை நாயக்கர் அரண்மனையோட மிச்சம்னு சொன்னா நம்பவே மாட்டேங்கிறான், மஹால் அங்குட்டுல்ல இருக்குங்கிறான். 1636-ல கட்டுன அரண்மனைல நாம டிக்கெட் எடுத்துப் பாக்குறது கால்வாசிதான், சொர்க்க விலாசம்ங்கிற பகுதி தப்பிச்சிருச்சு, ரங்க விலாசம்ங்கிற பகுதி போயிருச்சு, அதுல மிஞ்சுனதுதான் இந்தப் பத்தும். வெள்ளைக்காரன்தான் இடிச்சிருப்பான்னு நெனப்போம். ஆனா பேரன் சொக்கநாத நாயக்கர் திருச்சிக்குத் தலைநகர மாத்துனப்பயே பாதியப் பேத்துட்டுப் போயிட்டாருன்னுதான் சொல்றாங்க, மிஞ்சுனத 1866 வாக்குல ரிப்பேர் பாக்க வச்சது மெட்ராஸ் கவர்னர் நேப்பியர்.

மதுரைக் கோட்டை கதை நேர்மாறு, அத இடிச்சது வெள்ளைக்காரன்தான். ஊரு நெரிசலாயிருச்சுன்னு கலெக்டர் பிளாக்பர்ன் நாயக்கர் காலத்துக் கோட்டைச் செவுத்த இடிச்சு அகழியத் தூத்தச் சொன்னாரு, யாரு இடிச்சுத் தூத்துறாங்களோ அவங்களுக்கே அந்த எடம். கூட நின்னு வேல பாத்த சர்வேயர் பேருல மாரட் வீதி, மேஸ்திரி பேருல பெருமாள் மேஸ்திரி வீதி, பிளாக்பர்னுக்கு நன்றி சொல்லி வச்சதுதான் நம்ம விளக்குத்தூணே! கோட்டையக் கட்டுன கொத்தனாருக்கு ஒரு முட்டுச்சந்து கூட இல்ல, இடிச்சவங்களுக்கு வீதி வீதியா இருக்கு. பெரியார் பஸ் ஸ்டாண்டு பக்கம் கொஞ்சூண்டு செவுரு நிக்கிது, அதத் தாண்டித்தான் தெனமும் ஆயிரக்கணக்குல ஜனம் பஸ்ஸுக்கு ஓடுது, யாரும் திரும்பிக்கூடப் பாக்குறதில்ல.

எழுகடல் தெருவ என்ன சொல்ல. மீனாச்சியோட அம்மா காஞ்சனமாலை கடலாடணும்னு ஆசப்பட்டு சொக்கர் ஏழு கடலையும் வரவழைச்ச எடம்னு திருவிளையாடல்ல வருது. அங்க இருந்த தெப்பம் இப்ப காம்ப்ளக்ஸ், கடல் போயி கடை ஆயிருச்சு. பக்கத்துல முடிக்காம நிக்கிற ராய கோபுரத்த மொட்டைக்கோபுரம்னு சொல்றவங்களும் இருக்காங்க, மொட்டைக்கோபுரம்ங்கிறது மீனாச்சி கோயிலோட வடக்குக் கோபுரம்ங்க, இது வேற.

1952-ல கட்டுன தங்கம் தியேட்டரும் போயிருச்சு, ஆசியாவுலயே பெருசுன்னு நாங்க பீத்திக்கிட்டது. அந்த எடத்துல இப்ப ஜவுளிக்கடை. இன்னிக்கும் எங்க வயசு ஆளுக ஆட்டோல ஏறுனா "தங்கம் தியேட்டர்"னுதான் சொல்றோம், ஆட்டோக்காரத் தம்பி முழிக்கிறான்.

எதையும் திரும்பக் கட்டச் சொல்லல. பத்துத்தூண், எழுகடல், அரண்மனை வாத்தியக் கூடம் இருந்த நவபத்கானா தெரு, கோட்டைச் செவுருன்னு ஒவ்வொரு எடத்துலயும் இங்க என்ன இருந்துச்சு, எப்பப் போச்சுன்னு தமிழ்ல நாலு வரி போர்டு, அம்புட்டுத்தான். ஃப்ளெக்ஸ்ல வேணாம், கல்லுல வெட்டி வைங்க, ஃப்ளெக்ஸ்னா அடுத்த கல்யாணத்துக்கு மேல ஒட்டிருவாங்க.

அக்கா மகன் அப்பறம் தூணுகள எண்ண ஆரம்பிச்சான். ஏழு வரைக்கும் வந்துச்சு, மிச்சம் மூணும் எந்தத் துணிக்குப் பின்னாடி இருக்குன்னு தேடுறதுக்குள்ள மழ வந்துருச்சு.

இப்படிக்கு,
ஒரு பழைய வாசகர்,
தெற்குமாசி வீதி, மதுரை.