இரண்டு மருந்துச் சீட்டுகள், ஒரே நோயாளி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ராயபுரத்தில் எங்களோடு இருக்கும் என் அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய் அறுவை சிகிச்சைக்குப் பின், தினமும் 20 மில்லிகிராம் டாமோக்சிஃபென் மாத்திரையை 5 ஆண்டுகள் சாப்பிடச் சொன்னார்கள். சில மாதங்களிலேயே நடு இரவில் உடம்பு கொதித்து வியர்த்துக் கொட்டுவதும், எதிலும் பிடிப்பில்லாமல் ஒடுங்கிக் கிடப்பதுமாக ஆகிவிட்டதால், மனநல மருத்துவர் ஒருவரிடம் அழைத்துச் சென்றோம். அவர் மனச்சோர்வுக்குத் தரப்படும் பராக்சிடின் மாத்திரையை எழுதிக் கொடுத்தார். புற்றுநோய் மருத்துவரின் சீட்டை மனநல மருத்துவரோ, மனநல மருத்துவரின் சீட்டைப் புற்றுநோய் மருத்துவரோ கேட்கவில்லை, நாங்களும் காட்டவில்லை. அக்கா மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம், மனநல மருத்துவரின் சீட்டு பீரோவில் புடவைக்கு அடியில் கிடந்தது. எட்டு மாதம் கழித்து, இரண்டையும் சேர்த்து வாங்கப் போனபோது வண்ணாரப்பேட்டை மருந்துக் கடைக்காரர்தான், "இதைச் சேர்த்துச் சாப்பிடலாமா என்று டாக்டரிடம் கேட்டீங்களாம்மா?" என்றார்.

பிறகு மருத்துவர்கள் விளக்கியதை எழுதுகிறேன். டாமோக்சிஃபென் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் வந்து ஒட்டும் இடங்களான ஏற்பிகளை மார்பகத்தில் அடைப்பதோடு, உடல் வெப்பத்தைச் சீராக்கும் மூளைப் பகுதியிலும் அந்த ஹார்மோனின் வேலையைத் தடுக்கிறது. அதனால்தான் அந்தக் கொதிப்பு. மூளையில் மனநிலையைச் சீராக்க உதவும் செரோடோனின் என்ற வேதிப்பொருளின் இயக்கத்துக்கும் ஈஸ்ட்ரோஜன் துணை நிற்பதால், சிலருக்கு மனமும் சோர்கிறது. செரோடோனினை நரம்பணுக்கள் திரும்ப உறிஞ்சிக்கொள்ளாமல் தடுக்கும் பராக்சிடின் இவ்விரண்டையும் தணிக்கக்கூடியதே. மூளையளவில் அந்த மருத்துவர் எழுதியதில் பிழை காண முடியாது. சிக்கல் கல்லீரலில் இருக்கிறது. டாமோக்சிஃபென்னைப் புற்றுநோயை எதிர்க்கும் எண்டாக்சிஃபென்னாக மாற்றித்தருவது சிஒய்பி2டி6 என்னும் நொதி. பராக்சிடினும், அதே வகை மருந்தான ஃபுளூக்சிடினும் அந்த நொதியைப் பலமாக முடக்கிவிடுகின்றன. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 2,430 பெண்களைப் பற்றி 2010-இல் வெளியான ஆய்வு, பராக்சிடினைச் சேர்த்து உட்கொண்ட காலம் நீள நீள, மார்பகப் புற்றுநோயால் இறக்கும் அபாயமும் கூடியதாகக் கண்டது. பின்வந்த ஆய்வுகள் எல்லாம் இதை ஆமோதிக்கவில்லை என்றாலும், அந்த நொதியை அவ்வளவாகத் தொடாத வென்லாஃபாக்சின் போன்ற மனச்சோர்வு மருந்துகள் இருக்கையில் இந்தச் சேர்க்கை எதற்கு?

இதைப் படிப்பவர்கள் எந்த மாத்திரையையும் தாமாக நிறுத்திவிடக் கூடாது. பராக்சிடினைச் சட்டென விட்டால் தலைசுற்றலும், மின்சாரம் பாய்வது போன்ற உணர்வும் வரலாம். அக்காவுக்குப் பல வாரங்கள் எடுத்துப் படிப்படியாகக் குறைத்துத்தான் மாற்றினார்கள்.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் எங்கள் தெருவுக்கு ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளோடு வரும் ஊழியர்கள், வீட்டில் இருக்கும் மற்ற மாத்திரைகளின் பெயர்களையும் நோயாளியின் நோட்டில் ஒரே பக்கத்தில் எழுதிவைக்கச் சுகாதாரத் துறை ஏற்பாடு செய்ய வேண்டும். மனநல மாத்திரையின் பெயரையும் அந்தப் பக்கத்தில் கூச்சமின்றிச் சொல்ல, வீட்டார் இடம்கொடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
ராயபுரம், சென்னை