முதலில் விளக்கை மாற்றிப் பார்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. நீ சொல்லச் சொல்லப் பேத்தி எழுதியது என்று உறையைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, ஐம்பது வருஷமாக உன் சாய்ந்த கையெழுத்தைப் பார்த்தவளுக்குத் தெரியாமலா போகும். இங்கே எல்லாரும் சுகம். சின்னவனுக்குத் தூத்துக்குடிக்கு மாற்றலாகிவிட்டது, சனி ஞாயிறு வந்து போகிறான். புறவாசல் முருங்கை போன மாதக் காற்றில் சாய்ந்தது, வெட்டி நட்ட கிளை இப்போது துளிர் விட்டிருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். "மாக்குலா தேய்ந்துவிட்டதாம், இனிமேல் படிப்பு அவ்வளவுதான், ரேடியோவே கதி" என்று எழுதியிருந்தாய். மாக்குலா என்பது கண்ணின் உள்திரையில் நடுவே இருக்கிற சின்ன இடம், நாம் எழுத்தைப் படிப்பது அதை வைத்துத்தான். நீ எழுதிய அந்த வரி என்னைத் தூங்க விடவில்லை. ஹாஸ்டலில் விளக்கை அணைத்த பிறகும் வராந்தா வெளிச்சத்தில் உட்கார்ந்து தொடர்கதை படித்தவள் நீ. நோயின் பேரை மட்டும் சொல்லி, எப்படிப் படிக்க வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லாமல் உன்னை அனுப்பியிருக்கிறார்களே என்று கோபமாக வருகிறது.

எனக்கும் அதே வியாதிதான், மூன்று வருஷமாகிறது. இரண்டு கண்ணிலும் உலர்ந்த வகை, அதாவது மெதுவாகத் தேய்கிற வகை, வலது கண் கொஞ்சம் மோசம். உன்னிடம் முன்பே சொல்லாதது என் தப்பு. முதல் வருஷம் நானும் உன்னைப் போலத்தான் பேப்பரை மடித்து வைத்துவிட்டேன். ஆனால் ஒன்று புரியவே இல்லை. ஆஸ்பத்திரியில் சின்ன எழுத்து அட்டையைக் கையில் கொடுத்தால் தட்டுத்தடுமாறியாவது படிக்கிறேன், வீட்டுக்கு வந்தால் அதைவிடப் பெரிய எழுத்து கலங்கிக் கிடக்கிறது. கண்ணாடிக்குச் சோதிக்கிற பெண்ணிடம் இதைச் சொன்னேன். அவள் கேட்டது ஒரே கேள்வி: "வீட்டுல எங்க உக்காந்து படிக்கிறீங்க, லைட் எங்க இருக்கு?"

ட்யூப்லைட் எனக்குப் பின்னால் சுவரில், தலைக்கு மேலே. படிக்கக் குனிந்தால் என் தலை நிழலே புத்தகத்தில் விழும். இருபது வருஷமாக அந்த நாற்காலி அங்கேதான் கிடக்கிறது, எனக்கு அது தோன்றவே இல்லை. மகன் போனில் வெளிச்சம் அளக்கிற ஆப் ஒன்றை இறக்கி மடியில் வைத்துப் பார்த்தான், 80 லக்ஸ் காட்டியது. லக்ஸ் என்பது ஓர் இடத்தில் விழுகிற வெளிச்சத்தை அளக்கிற அளவு. நம் வயதில் மாக்குலா கெட்டவர்கள் படிக்க 2000 லக்ஸாவது வேண்டும் என்று 2001-இல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. நான் அதில் இருபதில் ஒரு பங்குகூட இல்லாத வெளிச்சத்தில் உட்கார்ந்துகொண்டு கண்ணை நொந்துகொண்டிருந்திருக்கிறேன். இது நம் வீட்டுக் கதை மட்டுமில்லை. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரில் வயதானவர்கள் வீட்டுக்கே போய்ப் பார்வையைச் சோதித்தார்கள், 2013-இல் வெளிவந்தது. அவர்களில் பலருக்குக் கண் அழுத்த நோய் உண்டு, சிலருக்கு இல்லை. இரண்டு வகையினருக்குமே சராசரியாக ஆஸ்பத்திரியில் தெரிந்ததைவிட வீட்டில் பார்வை மட்டமாக இருந்தது, முக்கியக் காரணம் வீட்டு வெளிச்சம் போதாததுதான்.

வியாதி இல்லாவிட்டாலும் அறுபது வயதுக்காரர் கண்ணுக்குள் போய்ச் சேருகிற வெளிச்சம் இருபது வயதுக்காரருக்குப் போவதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான், ஏனென்றால் பாவை சுருங்கிவிடுகிறது, உள்ளே லென்ஸ் மஞ்சளாகிறது. நமக்கு அதற்கு மேல், எழுத்தைக் கூர்மையாகப் பார்க்கிற நடு இடத்திலேயே உயிரணுக்கள் தேய்ந்துவிட்டன. கருப்புக்கும் வெள்ளைக்கும் உள்ள வித்தியாசம் மங்கிப்போகிறது. செய்தித்தாள் சாம்பல் நிறம், மை அதைவிடக் கொஞ்சம் கூடுதல் சாம்பல், அவ்வளவுதான் தெரியும். தமிழில் இது எப்படிப் படுத்துகிறது என்று உனக்கும் தெரிந்திருக்கும்: முதலில் காணாமல் போவது புள்ளி. மெய்யெது உயிர்மெய்யெது என்று தெரியாது. காலும் ரகரமும் ஒன்றாகிவிடும், எகரமா ஏகாரமா என்று ஊகிக்க வேண்டும். ஒவ்வொரு சொல்லையும் ஊகித்துக்கொண்டே போனால் பத்து வரியில் தலை வலிக்காமல் என்ன செய்யும்? நல்ல வெளிச்சம் விழுந்த அன்றைக்குப் புள்ளிகள் திரும்பி வந்ததைப் பார்த்து எனக்கு அழுகையே வந்துவிட்டது.

நான் செய்தது பெரிய செலவில்லை. கழுத்து வளைகிற டேபிள் லேம்ப் ஒன்று, அதில் 9 வாட் எல்இடி பல்பு. இடது கண்தான் எனக்குக் கொஞ்சம் தெரிகிறது, அதனால் இடது பக்கம், தோளுக்குக் கொஞ்சம் முன்னால், புத்தகத்துக்கு ஒன்றரை அடிக்குள். விளக்கு எவ்வளவு பெரிது என்பதைவிட எவ்வளவு கிட்டத்தில் என்பதுதான் கணக்கு. நாலடியில் இருக்கிற விளக்கை இரண்டடிக்குக் கொண்டுவந்தால் வெளிச்சம் இரண்டு மடங்கு இல்லை, நாலு மடங்கு. பழைய குண்டு பல்பாக இருந்தால் அவ்வளவு கிட்டத்தில் வைக்க முடியாது, நெற்றி காய்ந்துவிடும். அதே ஆப்பை மறுபடி வைத்துப் பார்த்தோம், 1,600 தாண்டியது.

ஆனால் ஒன்று, வெளிச்சம் எழுத்தின் மேல் விழ வேண்டும், உன் கண்ணில் விழக்கூடாது. பல்பு நேராகத் தெரிந்தால் கண் கூசும், கூசினால் இருக்கிற பார்வையும் போகும், அதனால் மூடி ஆழமாக உள்ள விளக்காகப் பார். ஜன்னலுக்கு எதிரே உட்காராதே, ஜன்னல் பக்கவாட்டில் இருக்கட்டும். வழவழப்பான தாளில் அடித்த பத்திரிகை என்றால் விளக்கைக் கொஞ்சம் சாய்த்து, அந்தப் பளபளப்பு விலகுகிற கோணத்தைத் தேடு. கருப்புச் சார்ட் அட்டையில் இரண்டு வரி தெரிகிற அளவுக்கு நீளமாக ஒரு ஜன்னல் வெட்டி வைத்திருக்கிறேன், பக்கத்தின் மேல் வைத்து நகர்த்திக்கொண்டே போனால் சுற்றியுள்ள வெள்ளைத்தாள் கூசாது, வரியும் தப்பாது. வெள்ளை வெளிச்சமா மஞ்சளா என்று கடைக்காரர் கேட்பார். இரண்டையும் போட்டுப் பார்த்து உனக்கு எது சுகமோ அதை வைத்துக்கொள், இதில் ஆளுக்கு ஆள் மாறும். போனில் படிப்பதாக இருந்தால் கருப்புத் திரையில் வெள்ளை எழுத்தாக மாற்றித் தரச் சொல்லிப் பேத்தியிடம் கேள்.

அப்புறம் இன்னொன்று, இதை யாரிடமும் சொல்லப் பயந்து இரண்டு மாதம் மனதில் வைத்திருந்தேன். சாயங்காலம் விளக்கு ஏற்றுவதற்கு முன்னால், சுவரில் கோலம் மாதிரி, கம்பி கம்பியாக, தெரிய ஆரம்பித்தது. புத்தி பிசகிவிட்டதோ என்று நடுங்கிப்போனேன். பிறகு டாக்டரிடம் சொன்னதும் அவர் அமைதியாகச் சொன்னார், பார்வை குறைந்தவர்கள் பலருக்கு இது வரும், சார்ல்ஸ் போனே என்கிற சுவிட்சர்லாந்துக்காரர் 1760-லேயே தன் தாத்தாவுக்கு இப்படித் தெரிந்ததை எழுதியிருக்கிறார், அவர் பேரிலேயே இதைச் சொல்கிறோம் என்று. மங்கல் வெளிச்சத்தில்தான் எனக்கு அது வருகிறது, விளக்கைப் போட்டால் பெரும்பாலும் போய்விடுகிறது. உனக்கும் வந்தால் பயப்படாதே, டாக்டரிடம் மறைக்காமல் சொல்.

விளக்கு நோயைக் குணப்படுத்தாது, அதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். உனக்கு உலர்ந்த வகையா, ஈர வகையா என்று கடிதத்தில் எழுதவில்லை. ஈர வகை, அதாவது உள்திரைக்கு அடியில் ரத்தக் குழாய் முளைத்துக் கசிகிற வகை என்றால் கண்ணுக்குள் ஊசி போட வேண்டியிருக்கும், கேட்கவே பயமாக இருந்தாலும் அந்த ஊசியை ஒரு தவணைகூடத் தள்ளிப்போடாதே. உலர்ந்த வகையும் ஈர வகையாக மாறலாம். தினம் காலையில் நான் ஒவ்வொரு கண்ணாக மூடி எதிர் ஜன்னல் கம்பியைப் பார்க்கிறேன், நேர்க்கம்பி வளைந்து தெரிந்தால் அன்றைக்கே ஓட வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். நீயும் பார். லோ விஷன் கிளினிக் என்று தனியாக ஒரு பிரிவு பெரிய கண் ஆஸ்பத்திரிகளில் இருக்கிறது, லென்ஸ், விளக்கு எல்லாம் கையில் கொடுத்துப் பழக்கிவிடுவார்கள், அங்கே சீட்டு எழுதித் தரச் சொல்லிக் கேள், அவர்களாகச் சொல்லும்வரை காத்திருக்காதே.

வருகிற புதன்கிழமை பெரியவன் வேலையாகக் கோயம்புத்தூர் வருகிறான். அவனிடம் ஒரு விளக்கு கொடுத்தனுப்புகிறேன், என்னுடையது மாதிரியே, பச்சை மூடி. அட்டையும் ஒன்று வெட்டி வைத்திருக்கிறேன். பேப்பரில் ஒரே செய்தியை முதலில் உன் பழைய இடத்தில் படித்துப் பார், பிறகு இந்த விளக்கடியில் படித்துப் பார், எத்தனை வரி கூடுதலாகப் போகிறது என்று எனக்கு எழுது. இந்தத் தடவை உன் கையால் எழுது, வரி கோணலாகப் போனாலும் பரவாயில்லை.

அன்புடன்,
பக்கத்துக் கட்டில் தோழி